கல்யாணத்துக்குப் பங்கு போட்டுப் போகிறவர்கள்

பினாங்கில் கல்யாணத்துக்குப் பங்கு போட்டுப் போகிற குடும்பங்கள் சில உண்டு. தாலி கட்டுக்கு மனைவி வருவாள், பந்திக்குப் புருஷன் வருவான். இருவரையும் ஒரே இலை வரிசையில் ஒருநாளும் பார்க்க முடியாது. கேட்டால் காய்ச்சல் என்பார்கள், ஷிஃப்டு வேலை என்பார்கள், கார் மக்கர் பண்ணிவிட்டது என்பார்கள். வருஷக்கணக்காகவா ஒரு காய்ச்சல் அடிக்கும்? ஆனால் யாரும் அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள். நம் ஊர் நாகரிகம் அப்படி. முன்னால் கேட்காது, பின்னால் பேசும்.

இந்தப் பங்கு வித்தையில் அருந்ததி பழம் தின்று கொட்டை போட்டவள். தாலி கட்டி முடிந்ததும் அட்சதையைப் போட்டுவிட்டு, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் அவசரம், குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். ஆயர் ஈத்தாமில் வீட்டு கேட்டருகே புருஷன் விஸ்வலிங்கம் வேட்டி சட்டையோடு தயாராக நிற்பார். இவள் உள்ளே நுழைய, அவர் வெளியே போக, ரிலே ஓட்டம் கெட்டது. தபாலாபீஸில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் அவர் கடிதம் பட்டுவாடாவில் தாமதம் செய்தாலும் செய்வார், பந்திக்குத் தாமதமானதே இல்லை.

வீட்டில் இருந்தவன் நாதன். முழுப் பெயர் நாகநாதன், வயது பதினெட்டைத் தாண்டியிருந்தது. அவன் பிறந்தபோதே டாக்டர் டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார். நாதனுக்கு வட்ட முகம், சின்னக் கண்கள், கையில் எது கிடைத்தாலும் வரிசையாக அடுக்கி வைக்கிற பழக்கம். வீட்டுச் செருப்புகள் அத்தனையும் அவன் உபயத்தில் படை வீரர்கள் மாதிரி நிற்கும். ஒரு செருப்பு கோணினாலும் சும்மா விட மாட்டான்.

அவனுக்கு ஒரு பள்ளி இருந்தது. காலையில் வேன் வரும், ஏறுவான், மத்தியானம் திரும்புவான். பதினெட்டு ஆனதும் 'வயது முடிந்துவிட்டது' என்று நிறுத்திவிட்டார்கள். வயது எங்கேயாவது முடியுமா? படிப்பு முடியலாம், சம்பளம் முடியலாம், இவர்கள் அகராதியில் வயது முடிந்துவிட்டது! நாதனுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. அடுத்த நாளும் வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை போட்டு, தண்ணீர்ப் போத்தலைத் தோளில் மாட்டி, கேட்டருகே போய் நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். ஒரு வருஷம் கழிந்து இரண்டாவது வருஷமும் பிறந்துவிட்டது. இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"வேன் வருதா?" என்று கேட்பான்.

"இண்டைக்கு இல்லையடா ராசா" என்பாள் அருந்ததி.

வெயில் ஏறும்வரை நிற்பான். பிறகு தானே உள்ளே வந்து போத்தலை ஆணியில் மாட்டுவான். அழ மாட்டான், அடம்பிடிக்க மாட்டான். அழுதால் சமாதானம் சொல்லலாம். நாளைக்கு வரும் என்று நம்புகிறவனிடம் என்ன சொல்வது? அவனோடு இருக்கவென்று அருந்ததி வக்கீல் கந்தோரில் பார்த்த டைப்பிஸ்ட் வேலையையும் விட்டாயிற்று. பகலில் இவனுக்குப் போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. இந்தப் பெரிய தீவில் அது இல்லையென்றால் என்ன தீவு?

வீட்டில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஹாலுக்கும் நாதன் அறைக்கும் நடுவே பச்சை நிறத்தில் ஒரு திரைச்சீலை தொங்கியது. விருந்தாளி வந்தால் அருந்ததி அதை இழுத்துவிடுவாள். வளையங்கள் 'சர்ர்ர்' என்று ஓடுகிற சத்தம் கேட்டதும் நாதன் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொள்வான். யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே பழகிக்கொண்டான். வந்தவர்கள் மகனை விசாரிக்கும் முன்பே தேத்தண்ணீர் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில்தான் கதை திரும்பியது. அன்று முறை மாறி அருந்ததி பந்திக்குப் போயிருந்தாள். எதிர் வரிசையில் ஒருவர் அரக்கப்பரக்கச் சாப்பிட்டுவிட்டு, வடையையும் பாயசத்தையும் பொட்டலம் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்கு ஓடினார். பாம்பின் கால் பாம்பறியும். அருந்ததி கை கழுவாமலே பின்னால் ஓடினாள்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ. வீட்டம்மா தாலி கட்டுக்கு வந்திட்டுப் போயிட்டாவோ?"

அவர் முகம் சுண்டிப் போயிற்று. "ஆமாக்கா. அவங்களுக்குக் காய்ச்சல்."

"எனக்கும் பத்தொன்பது வருஷமாக் காய்ச்சல்தான், தம்பி. எனக்கு மகன். உங்களுக்கு?"

அவர் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார். பொட்டலத்தை ஹேண்டிலில் மாட்டினார். "மகதான்க்கா. மீனாட்சின்னு பேரு" என்றார். அதைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. ஜுருவில் கார் காராஜில் வேலை செய்கிற பழனியப்பன் அவர். நல்ல தாட்டியான ஆள். கல்யாண வாசலில் நின்று குலுங்கி அழுததைப் பார்த்தவர்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் போலும் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அருந்ததி கல்யாணங்களுக்குப் போனது மாப்பிள்ளையைப் பார்க்கவா? பங்கு போட்டு வருகிறவர்களைப் பிடிக்கத்தான். எல்லோரையும் ஒரு சங்கமாகச் சேர்த்து, பிள்ளைகளுக்குப் பகலில் போக ஓர் இடம் கேட்பது அவள் திட்டம். ஒருமுறை குறி தப்பியது. எல்லாக் கல்யாணத்துக்கும் தனியாக வருகிற திருநாவுக்கரசு என்ற பெரியவரை ஓரமாகக் கூட்டிப் போய், "வீட்டிலை பிள்ளைக்குச் சுகமில்லையோ, அண்ணே?" என்று பரிவாகக் கேட்டுவைத்தாள்.

"பிள்ளையே கிடையாதும்மா. பொண்டாட்டி கூட வந்தா ரெண்டாவது வடை வாங்க விட மாட்டாள்லா. அதான் தனியா வர்றேன்."

அருந்ததிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. விஷயத்தைக் கேட்டறிந்த அவரோ, "எனக்குப் பிள்ளை இல்லாட்டி என்ன, மாசாமாசம் சீனி மூட்டை என் பொறுப்பு. வீட்டுல உக்கார்றதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று சங்கத்தில் சேர்ந்துவிட்டார். அப்போது சங்கமே பிறக்கவில்லை. முதல் உறுப்பினர் முந்திக்கொண்டார்.

மெல்ல மெல்ல ஆள் சேர்ந்தது. பெரியாஸ்பத்திரி நர்ஸ் நோர்மா, அருந்ததியை எப்போதோ அங்கே பார்த்தவள், தானே தேடி வந்தாள். மலாய்க்காரர்கள் கெண்டூரி விருந்திலும் இதே பங்குக் கதைதான் என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு ஒரு மகள். தாசேக் கெலுகோர் தோட்டத்திலிருந்து தனலெட்சுமி ஃபெர்ரி ஏறி வந்தாள். அவள் மகன் வேலு ஆறடி உயரம், மூன்று வயசுக் குழந்தையின் பேச்சு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த ஜபருல்லா கடைசியாக வந்தார். அவருடைய அண்ணன் ஐம்பதை நெருங்குகிறவர். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பெயர் வைப்பதிலேயே முதல் சண்டை. 'பெற்றோர் சங்கம்' என்றார் விஸ்வலிங்கம்.

"அது எப்புடிம்மா சரியா வரும்?" என்று அருந்ததியிடம் முறையிட்டார் ஜபருல்லா. "நான் என்ன எங்கண்ணனைப் பெத்தவனா? தம்பிம்மா நான்!"

"நான் யாரையுமே பெறல" என்றார் திருநாவுக்கரசு.

கடைசியில் 'குடும்பங்கள் சங்கம்' என்று முடிவாயிற்று. குடும்பத்தில் எல்லோரும் அடக்கம், சீனி மூட்டை கொடுப்பவர் உட்பட.

முதல் கூட்டம் அருந்ததி வீட்டு ஹாலில் நடந்தது. எல்லோரும் பளிச்சென்று உடுத்தி வந்தார்கள். பிள்ளைகளை ஒருவரும் கூட்டி வரவில்லை. அருந்ததி பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கப் பாக்கிறியளோ? நாங்களே ஒளிச்சு வைச்சால் ஊர் எப்பிடி இடம் தரும்? அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளையளோடைதான் வரவேணும், சொல்லிப்போட்டன்!"

எல்லோரும் தலைகுனிந்தார்கள். விஸ்வலிங்கம் மட்டும் தொண்டையைச் செருமி, பச்சைத் திரைச்சீலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அது இழுத்து மூடியிருந்தது. அருந்ததி அவருக்குச் சளி என்று நினைத்துக் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலையின் அடிவாரத்தில் ஒரு சபாவின் மண்டபம் இருந்தது. சனி ஞாயிறு கல்யாணம், மற்ற நாளெல்லாம் பூட்டு. பெரிய ஹால், மின்விசிறிகள், சமையல்கட்டு, வாசலில் வேன் திரும்ப இடம். அருந்ததி அதைக் கண்ணில் வைத்துவிட்டாள். சபாத் தலைவர் தங்கராஜுவைப் போய்ப் பார்த்து, வார நாளில் பிள்ளைகளுக்கு அதைத் தரும்படி கேட்டாள். மரக் கம்பெனி வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் எங்கே போனாலும் முன்வரிசை நாற்காலி தனக்குத்தான் என்று பிறவியிலேயே நம்புகிறவர்.

"நல்ல விஷயந்தான்மா. ஆனா கமிட்டி கேக்கும்ல, யாருக்கு, எத்தனை பேருன்னு? நானும் இத்தனை வருஷமா எல்லா விசேஷத்துக்கும் போறேன். அந்த மாதிரி பிள்ளைங்களை நம்மாளுங்கள்ல நான் பாத்ததே இல்லியே. இல்லாததுக்கு எதுக்கு மண்டபம்?"

அருந்ததிக்குச் சுள்ளென்று வந்தது. "தைப்பூசத்துக்குக் காட்டுறன். நாங்கள் தண்ணீர்ப்பந்தல் போடுறம். வந்து பாருங்கோ."

வாய் தவறி விழுந்த வார்த்தை. அவள் பந்தலைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை. வெளியே காத்திருந்த பழனியப்பன் கேட்டதும் துள்ளினார். "போட்டுருவோம்கா! ஊரே நடந்து போற ரோடு. அங்க காட்டாம வேற எங்க காட்டப்போறோம்?"

தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலைக்குப் போகிற சாலையின் இரு பக்கமும் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி. கம்பெனிப் பந்தல், கிளப் பந்தல், வங்கிப் பந்தல் என்று நிற்க, நடுவே சின்னதாகக் குடும்பங்கள் சங்கப் பந்தல். ஜபருல்லா கடை அண்டாக்களையும் வேனையும் கொண்டு வந்தார். "தாகத்துக்குத் தண்ணி கொடுக்க எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேக்கணும்?" என்பது அவர் கட்சி. திருநாவுக்கரசு சீனியைக் கொட்டினார், பழனியப்பன் ஐஸ் கட்டியை உடைத்தார், ரோஸ் சிரப் அண்டாவில் சிவந்தது. எல்லோருக்கும் மஞ்சள் டீ-ஷர்ட். பிள்ளைகளும் வந்திருந்தார்கள், ஒருவர் விடாமல். விஸ்வலிங்கம் மட்டும் பழக்கதோஷத்தில் வீட்டுக் காவலுக்கு நின்றுவிட்டார்.

அருந்ததி வீட்டிலிருந்து ஒரு பெரிய பை கொண்டுவந்திருந்தாள். அதிலிருந்து பச்சைத் திரைச்சீலையை எடுத்தாள்.

"வெயில் படும். கூட்டம் இடிச்சுத் தள்ளும். உறுமி மேளச் சத்தத்துக்கு மீனாட்சி பயப்பிடும். பிள்ளையள் பின்னாலை நிழல்லை இருக்கட்டும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஒருவரும் மறுக்கவில்லை. பழனியப்பன் கயிறு கட்டினார், அருந்ததி வளையங்களைக் கோத்து 'சர்ர்ர்' என்று இழுத்தாள். பிள்ளைகள் பின்பக்கம் போனார்கள். நோர்மா கூடப் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

முன்னால் வியாபாரம் சூடு பிடித்தது. வியாபாரம் என்றால் காசில்லா வியாபாரம். காவடிகள் வந்தன, பால்குடங்கள் வந்தன, நேர்த்திக்குத் தேங்காய் உடைத்த சீனர்கள் வந்து சிரப் கேட்டார்கள். அம்மாக்களும் அப்பாக்களும் வியர்க்க வியர்க்க ஊற்றிக் கொடுத்தார்கள்.

தங்கராஜு பட்டு வேட்டியில், வெறுங்காலோடு, நாலு பேர் சூழ வந்தார். கூட்டத்தை விலக்கி நேராக மேசைக்கு வந்து நின்றார். அருந்ததி பெருமையோடு ஒரு கப்பை நீட்டினாள்.

"பரவால்லியே, ஜோரா போட்டுட்டீங்க. ஆமா, பிள்ளைங்க எங்கம்மா?"

"பின்னாலை இருக்கினம்."

அவர் கப்பை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். பச்சைச் சீலையைப் பார்த்தார். கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிறவர் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "பின்னால இருக்கிறதுக்கு வீடே போதும்மா. மண்டபம் எதுக்கு?"

குடிக்காமலே கப்பை மேசையில் வைத்துவிட்டு மலைப்பக்கம் போய்விட்டார்.

அருந்ததிக்கு முதலில் கோபந்தான் வந்தது. என்ன ஆணவம், மனுஷன் பிள்ளைகளைப் பெற்றானா வளர்த்தானா! விறுவிறுவென்று பின்பக்கம் போனாள், நோர்மாவிடம் சொல்லித் திட்டித் தீர்க்க. சீலையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாதன் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்திருந்தான். கைகளை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, வாயைத் திறக்காமல். வீட்டில் விருந்தாளி வந்தால் கட்டிலில் எப்படி உட்கார்வானோ அப்படியே. சுற்றிலும் திருவிழா முழங்குகிறது, அவனுக்குப் பிடித்த சிரப் பத்தடி தள்ளி அண்டா நிறைய இருக்கிறது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சீலை இழுத்த சத்தம் கேட்டது, வந்து உட்கார்ந்துவிட்டான்.

அம்மாவைப் பார்த்ததும் கிசுகிசுப்பாகக் கேட்டான்: "ஆக்கள் போயிட்டினமோ?"

ஐயோ, அருந்ததிக்கு நெஞ்சு வெடித்துவிட்டது! ஊருக்குத்தான் உபதேசமா? ஹாலில் நின்று பூசணிக்காய்ப் பிரசங்கம் செய்தாளே, அன்றைக்கும் இவன் இந்தச் சீலைக்குப் பின்னால்தான் இருந்தான். விஸ்வலிங்கத்துக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை, அதுவும் இப்போதுதான் விளங்கியது. இத்தனை குடும்பத்தையும் வீதிக்குக் கொண்டுவந்துவிட்டு, வீட்டுத் திரையையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே! மற்றவர்களுக்கு அது வெறும் துணி. இவளுக்கு அது பழக்கம்.

"போகேல்லையடா" என்றாள். "ஆக்கள் இருக்கினம். நிறையப் பேர் இருக்கினம். வா."

ஒரே இழுப்பு. கயிறு அறுந்து, வளையங்கள் சிதறி, பச்சைச் சீலை அவள் தலைமேலேயே விழுந்தது. உள்ளே சிக்கிக்கொண்டு அவள் கைகால் உதைத்ததைப் பார்த்து முதலில் சிரித்தவன் வேலு. அவன் சிரிப்பு அண்டா உருண்ட மாதிரி இருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பழனியப்பன் ஓடிவந்து சீலையைப் பிடுங்கி, "நல்லதாப் போச்சுக்கா, ஐஸைச் சுத்தத் துணி இல்லாம இருந்துச்சு" என்று ஐஸ் கட்டிமேல் போர்த்திவிட்டார்.

எல்லாம் பிரமாதமாக நடந்தது என்று சொன்னால் அது பொய். மீனாட்சி உறுமிச் சத்தம் கேட்டு மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். பழனியப்பனும் கூடவே குனிந்து உட்கார்ந்தார். நோர்மாவின் மகள் முதல் குடம் சிரப்பைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டு ஆனந்தப்பட்டாள். ஒரு அம்மாள் 'முருகா, பாவம்' என்று ஆரம்பித்தாள், தனலெட்சுமி "பாவம் எல்லாம் வேணாம், சிரப் வேணுமா சொல்லுங்க" என்று வெட்டிவிட்டாள். ஆனால் வேலு ஐஸ் கட்டிகளை மூன்று ஆள் பாரத்துக்குத் தூக்கி வந்தான். ஜபருல்லாவின் அண்ணன் கப் கழுவ உட்கார்ந்தார், வெங்காயத்தைப் பார்க்கிற அதே கண்ணியத்தோடு ஒவ்வொரு கப்பையும் பார்த்தார்.

நாதனோ கூட்டத்தைப் பார்த்தான். முண்டியடித்துக்கொண்டு, இடித்துக்கொண்டு, கோணல்மாணலாக ஒரு ஜனத்திரள். அவனால் தாங்க முடியுமா? வீட்டுச் செருப்பே கோணக்கூடாது. மேசைக்கு முன்னால் போய்க் கையை நீட்டி, "வரிசை!" என்றான். முதல் ஆளின் தோளைப் பிடித்து நிறுத்தினான். இரண்டாவது ஆளை அவர் பின்னால் நிறுத்தினான். சிரித்துக்கொண்டே மக்கள் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மலைச் சாலையிலேயே ஒழுங்கான வரிசை உள்ள பந்தல் அது ஒன்றுதான். அதைப் பார்த்தே கூட்டம் வந்தது. கப்பைக் கொடுத்துவிட்டுக் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்ப்பான். மிச்சம் வைத்தால் விட மாட்டான்.

மத்தியானம் தங்கராஜு மலையிலிருந்து இறங்கி வந்தார். வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது, உதடு வறண்டிருந்தது. பழக்கப்படி நேராக மேசைக்கு வந்து கை நீட்டினார்.

"வரிசை!" என்றான் நாதன்.

"தம்பி, நான்..."

"வரிசை!"

சுற்றியிருந்த நாலு பேரும் திகைத்தார்கள். அருந்ததி, "நாதன், அவர்..." என்று பதறி ஓடிவந்து, பாதியில் வாயை மூடிக்கொண்டாள். நிற்கட்டுமே, என்ன குறைந்துவிடும்! நாதன் தங்கராஜுவின் கையைப் பிடித்து, வரிசையின் வாலுக்குக் கூட்டிப்போய், ஒரு தேங்காய் வியாபாரிக்குப் பின்னால் நேராக நிறுத்திவிட்டு வந்தான். மரக் கம்பெனி முதலாளி பட்டு வேட்டியோடு, கால் மாற்றிக் கால் மாற்றி, வரிசையில் நின்றார். நகர நகர எல்லாவற்றையும் பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்த மீனாட்சியைப் பார்த்தார், ஐஸ் சுமந்த வேலுவைப் பார்த்தார், கப் கழுவிய பெரியவரைப் பார்த்தார்.

அவர் முறை வந்தது. நாதன் கப்பைக் கொடுத்தான். அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார். நாதன் கப்பை வாங்கிக்கொண்டு, இந்த ஆள் நல்லவர் என்று தீர்மானித்தவனாக, காலையில் அம்மாவிடம் கேட்பதை அவரிடம் கேட்டான்:

"வேன் வருதா?"

"என்னா வேன்மா?" என்றார் தங்கராஜு.

அருந்ததி சொன்னாள். வெள்ளைச் சட்டையைச் சொன்னாள், போத்தலைச் சொன்னாள், கேட்டருகே நிற்பதைச் சொன்னாள். இந்த முறை காட்டமாகச் சொல்ல வரவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள். தங்கராஜு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வியர்வை என்றுதான் அவர் பிறகும் சாதித்தார்.

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் மண்டபம் சும்மாதானம்மா கிடக்கு. கமிட்டியை நான் பாத்துக்குறேன். கேட்டா இங்க வந்து வரிசைல நில்லுங்கடான்னு சொல்லுறேன்."

சொன்னபடி செய்தார். பூட்டுத் திறந்தது. வேனுக்கு ஜபருல்லா இருந்தார். விடியற்காலையில் சந்தையிலிருந்து கடைக்குக் காய்கறி இறக்கியதும் வண்டி சும்மாதான் நிற்குமாம். தனலெட்சுமி வேலுவோடு ஃபெர்ரியில் வருவாள், அவர்களை ஃபெர்ரித் துறையில் ஏற்றிக்கொள்ளலாம், மண்டபத்தில் பிள்ளைகளை முறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

வேன் வரவேண்டிய முதல் திங்கட்கிழமை. அருந்ததி நாதனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லி, வேன் வராமல் போனால்? அவன் வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டு, போத்தலை மாட்டி, கேட்டருகே நின்றான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் ஹாரன் கேட்டது. கதவெல்லாம் 'நாசி கண்டார்' என்று எழுதிய, வெங்காய வாசம் அடிக்கிற வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து மீனாட்சி ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்தாள்.

நாதன் வேனைப் பார்த்தான். திரும்பினான். விறுவிறுவென்று வீட்டுக்குள்ளே போய்விட்டான்.

அருந்ததிக்கு உயிரே போய்விட்டது. பள்ளி வேன் வெள்ளை, இது பச்சை. இது இல்லை என்று நினைத்துவிட்டானோ? பின்னாலேயே ஓடினாள். நாதன் கண்ணாடிமுன் நின்று தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டிருந்தான். பிறகு பவுடர் டப்பாவை எடுத்துக் கழுத்துக்கும் போட்டான். ஜபருல்லா மறுபடி ஹாரன் அடித்தார்.

"கெதியா வாடா, வேன் நிக்குது!"

நாதன் சீப்பைக் கீழே வைக்கவில்லை. "நிக்கட்டும்" என்றான்.

வேன் நின்றது. நாதன் வகிடெடுத்து முடித்து, கேட்டருகே செருப்புகளை ஒருமுறை சரிபார்த்து, ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தான். கையசைக்கக்கூட இல்லை. வேலை இருக்கிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்! வேன் தெருமுனை திரும்பியதும் அருந்ததி கேட்டின் கம்பியில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

பின்னாலிருந்து விஸ்வலிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார். அன்றைக்குக் கோயிலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம், லீவு போட்டிருந்தார்.

"இஞ்சை பாரும், பத்து மணிக்கு முகூர்த்தமல்லோ. ஆர் முதல் போறது? நீரோ, நானோ?"

அருந்ததி அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். கேட்ட கேள்வி அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

"வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ" என்றாள் அருந்ததி.

அங்கேதான் சிக்கல். நாதனின் பள்ளி நின்ற நாளிலிருந்து அந்த வீட்டைப் பூட்டியதே இல்லை. யாராவது ஒருவர் எப்போதும் உள்ளே இருந்தார்கள். பூட்டு மேசை இழுப்பறையில் இல்லை, சாமி மாடத்தில் இல்லை, அரிசி வாளிக்குப் பின்னாலும் இல்லை. பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக இரண்டு பேரும் வீடு முழுக்கத் தேடினார்கள். தாலி கட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. பந்திக்குப் போனார்கள், ஒன்றாக.